உதைக்காத உதைபந்தும் வருகிற வியாழக்கிழமையும்



நாங்கள் எழுத்தாளர்கள் அல்ல. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஸ்காபரோவில் பக்டரி வேலை. எங்களில் ஒருவர் சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மற்றவர் அதுவும் எழுதவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய கட்டுரை இது. பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

வருகிற வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு எங்கள் மகனின் ஹைஸ்கூல் அணி, பக்கத்துப் பகுதிப் பள்ளி ஒன்றின் அணியோடு புட்போல் விளையாடுகிறது. எட்டு அணிகள் உள்ள பிரிவு. அதில் நான்கு அணிகள்தான் அடுத்த கட்டமான பிளேஓவ் ஆட்டங்களுக்குப் போகும். மூன்று அணிகள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சமிருக்கிற ஒரு இடத்துக்கு இந்த இரண்டு அணிகளும் நிற்கின்றன. இரண்டும் ஐந்து ஆட்டம் ஆடி மூன்றில் வென்று இரண்டில் தோற்றவை. வியாழக்கிழமை வெல்கிறவர் மேலே போவார். தோற்கிறவருக்கு அன்றோடு இந்த வருசம் முடிந்தது.

இதைப்பற்றி ஏன் இந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். கடைசியில் விளங்கும்.

முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்கிறோம். போன வருசம் மகன் வந்து, "அப்பா, ஸ்கூல் புட்போல் ரீமில சேரப் போறன்" என்றான். எங்களுக்குச் சந்தோசம். முல்லைத்தீவுப் பக்கத்தில் உதைபந்து என்றால் ஊரே திரளும். தகப்பனும் வெறுங்காலோடு விளையாடி நகம் கழன்ற ஆள்தான். அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு உதைபந்தும் சப்பாத்தும் வாங்கி வந்தோம். மகன் பந்தைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, இது சொக்கர். நான் விளையாடுறது வேற" என்றான். சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பந்து பேஸ்மென்ற்றில் கிடக்கிறது. கனடாவில் பிறந்த எங்கள் மகள், ஏழு வயது, இப்போது அதைத்தான் உதைத்துத் திரிகிறாள்.

இங்கே புட்போல் என்றால் நீள்முட்டை போன்ற ஒரு பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், கையால் எறிவார்கள். எப்போதாவதுதான் உதைப்பார்கள். தலையில் ஹெல்மெற், தோளில் பெரிய காப்பு. ஒரு பெடியன் பந்தோடு ஓட, மற்றப் பெடியள் பாய்ந்து விழுத்துவார்கள். முதன்முதல் ரிவியில் பார்த்தபோது பிள்ளையின் தாய், "இது விளையாட்டோ, அடிபாடோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டா.

எங்களுக்கு இந்த ஆட்டத்தை விளங்கப்படுத்தியவர் தகப்பன் வேலை செய்கிற இடத்து லைன் லீடர். ஜமேய்க்காவில் பிறந்த அம்மா அவ. போத்தல் மூடி செய்கிற பக்டரி எங்களுடையது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு வெள்ளை மூடியும் பன்னிரண்டு நீல மூடியும் பரப்பி வைத்து, அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லித் தந்தா. அவ சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். இது தெரியாமல் மைதானத்துக்குப் போனால் விசில் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர். இது கனடிய முறை. அமெரிக்காவில் பதினொரு பேர். கனடிய மைதானம் 110 யார் நீளம், 65 யார் அகலம். பந்து வைத்திருக்கிற அணிக்கு மூன்று முயற்சி. அந்த மூன்றுக்குள் பத்து யார் முன்னுக்குப் போகவேண்டும். போனால் மறுபடியும் மூன்று முயற்சி கிடைக்கும். போகாவிட்டால் பந்து மற்ற அணிக்கு. ஆனபடியால் இரண்டு முயற்சியில் பத்து யார் வராவிட்டால், மூன்றாவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள். கிட்டத்தில் கொடுக்காமல் தூரத்தில் கொடுப்பம் என்ற எண்ணம். அமெரிக்காவில் நான்கு முயற்சி உண்டு. எங்கள் ஆட்கள் வன்கூவர்ப் பக்கம் இருந்தால் கவனியுங்கள்: பிரிட்டிஷ் கொலம்பியாப் பள்ளிகள் அமெரிக்க முறையில்தான் விளையாடுகின்றன.

பந்தோடு எதிர்ப்பக்கத்து எல்லைக்குள் போனால் ரச்டவுன், ஆறு புள்ளி. அதற்குப் பிறகு கம்பத்துக்கு நடுவால் உதைத்தால் இன்னும் ஒன்று. உதைக்காமல் மறுபடியும் எல்லைக்குள் கொண்டு போனால் இரண்டு. ஆட்டத்தின் இடையில் கம்பத்துக்கு நடுவால் உதைத்தால் மூன்று. கனடாவில் மட்டும் ஒரு புதினமான புள்ளி இருக்கிறது. அதன் பெயர் ரூஜ். உதைத்த பந்து எதிரணியின் எல்லைக்குள் போய், அவர்கள் அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனால் உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி. குறி தவறிய உதைக்கும் கிடைக்கும். "பிழை விட்டாலும் புள்ளி தருகிற நாடு இது ஒன்றுதான்" என்று லைன் லீடர் சொல்லிச் சிரித்தா.

இந்த ஆட்டத்துக்கு இங்கே நீண்ட கதை உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 1861இலேயே ஆடியிருக்கிறார்கள். 1874இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகப் பெடியள் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய் ஆடினார்கள். அவர்கள் கொண்டுபோன றக்பி முறையைப் பார்த்துத்தான் அமெரிக்கர்களும் பந்தைக் கையில் தூக்கி ஓடும் ஆட்டத்தை வளர்த்தெடுத்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆட்டமே திருவிழா. டெக்சாசில் அலன் என்ற இடத்துப் பள்ளிக்கு 2012இல் 18,000 பேர் இருக்கக்கூடிய மைதானம் கட்டினார்கள், 60 மில்லியன் டொலர் செலவில். வெள்ளி இரவில் பட்டினம் முழுக்க அங்கேதான். எங்கள் பிள்ளையின் பள்ளியில் இரண்டு இரும்பு வாங்கு மட்டும்தான் இருக்கிறது. இரவு விளக்கு இல்லை. அதனால்தான் வேலைநாளில் பிற்பகல் ஆட்டம். ரிக்கற் இல்லை. பயிற்றுகிறவர்கள் அதே பள்ளி ஆசிரியர்கள். பள்ளி முடிந்த பிறகு சம்பளம் வாங்காமல் நிற்கிறார்கள். இதைக் கேட்டபோது எங்களுக்கு வெட்கமாய் இருந்தது. அதுவரை அவர்கள் காசுக்குத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

எங்கள் பிள்ளையின் அணி பச்சைச் சட்டை. ஓடுகிற அணி. எறிந்து பிடிக்கிற வேலை அவர்களுக்குக் குறைவு. பந்தைக் கொடுத்து, நடுவால் இடித்துக்கொண்டு நாலு யார், ஐந்து யார் என்று போவார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் நேரம் போகும், மற்ற அணிக்குப் பந்து கிடைக்காது. மழை பெய்தாலும் குளிர் கூடினாலும் இந்த ஆட்டம் கெடாது. அவர்களுடைய பலவீனம், பின்தங்கிவிட்டால் விரைவாகப் புள்ளி எடுக்கத் தெரியாது. தோற்ற இரண்டு ஆட்டத்திலும் அதுதான் நடந்தது.

மற்ற அணி சிவப்புச் சட்டை. அவர்களிடம் நல்ல குவாட்டர்பாக் ஒருவன் இருக்கிறான். பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கிறவன் அவன்தான். மகன் போனில் காட்டிய ஆட்டத்தில் நாற்பது யாருக்கு மேல் எறிந்ததைப் பார்த்தோம். கனடிய முறையில் பந்து கிளம்புவதற்கு முதலே பிடிக்கிறவர்கள் முன்னுக்கு ஓடி வரலாம். சிவப்பு அணியில் இரண்டு பெடியள் அப்படி ஓடிவந்து, பந்து கிளம்பும்போது முழு வேகத்தில் கோட்டைக் கடக்கிறார்கள். பின்னுக்கு நிற்கிற எங்கள் பெடியள் அவர்களைக் கலைத்துப் பிடிக்க வேண்டும். அதோடு பந்தைக் கொண்டு ஓடுகிற ஒரு கெட்டிக்காரனும் உண்டு. அவன்தான் எங்கள் லைன் லீடரின் மகன்!

ஆகவே பார்க்க வேண்டியது மூன்று விசயம். ஒன்று, காற்று. மைதானம் திறந்த வெளி. எறிகிற அணிக்குக் காற்று பகை, ஓடுகிற அணிக்கு அவ்வளவு இல்லை. உதைக்கிறவனுக்குப் பின்காற்று கிடைத்தால் அந்த ஒற்றைப் புள்ளி ஆட்டத்தையே முடித்துவிடும். இரண்டு, யார் முதல் ரச்டவுன் எடுக்கிறார்கள் என்பது. பச்சை எடுத்தால் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கொல்லுவார்கள். சிவப்பு எடுத்தால் எங்களுக்குக் கஷ்டம். மூன்றாவது விசயம், நடுவில் நிற்கிற ஐந்து பேர்.

அந்த ஐந்து பேரில் இடப்பக்கத்து இரண்டாவது ஆள் எங்கள் மகன்.

இந்த ஐந்து பேரையும் லைன் என்பார்கள். எறிகிற பந்தை இவர்கள் பிடிக்கச் சட்டமில்லை. இவர்கள் பெயரை ஒலிபெருக்கியிலும் சொல்வது குறைவு. எதிரில் வருகிறவனை மறித்து, பின்னுக்கு நிற்கிற குவாட்டர்பாக்குக்கு இரண்டு மூன்று வினாடி வாங்கிக் கொடுப்பதும், ஓடுகிறவனுக்கு ஒரு ஆள் போகிற வழியைத் திறந்து கொடுப்பதும்தான் இவர்களுடைய வேலை. இவர்கள் பிழைவிட்டால் எல்லோருக்கும் தெரியும். சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. "நாங்களும் லைனில், நீயும் லைனில்தானோ?" என்று கேட்டோம். அவனுக்குச் சிரிப்பு.

இனித்தான் சொல்லக் கஷ்டமான கதை.

மகன் 2009இல் செட்டிகுளம் முகாமில், ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் பிறந்தவன். அடுத்த வருசம் தகப்பன் கப்பலேறினார். 2010 ஓகஸ்ட்டில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 பேரில் அவரும் ஒருவர். தாயும் பிள்ளையும் 2016இல்தான் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் ஏழு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் ஒளித்து நின்று தகப்பனை எட்டிப் பார்த்தது இன்றைக்கும் எங்களுக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. போனில் கேட்ட குரல் இந்த ஆளுடையதுதானா என்ற சந்தேகம் அவனுக்கு. அதற்குப் பிறகும் தகப்பனுக்குப் பிற்பகல் ஷிப்ட். மூன்றரைக்குப் போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வீடு. பிள்ளை பள்ளியால் வரும்போது அவர் இல்லை. அவர் எழும்பும்போது பிள்ளை பள்ளியில். ஒரே வீட்டில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தகப்பன்தான்.

தாய்க்கு வேறு பயம். நாங்கள் இருவரும் வளர்ந்த இடத்தில், அந்தக் கடைசி வருசங்களில், பதினாறு வயதுப் பிள்ளையை வாசலுக்கு விடப் பயந்து வீட்டுக்குள் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. சீருடையோடு வரிசையில் நிற்கிற பெடியளைப் பார்த்தால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். மகன் முதல்நாள் தோள்காப்பும் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு, "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று குசினி வாசலில் வந்து நின்றபோது, தாய் அடுப்பை நூர்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டா. அவன் தனக்குப் பிழையாய் ஏதோ சொல்லிவிட்டேனோ என்று பயந்து போனான். ஏன் அழுதா என்று நாங்கள் அவனுக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் ஆறுதலாய்ச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தான். அன்றையிலிருந்து ஹெல்மெற்றை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை, பள்ளியிலேயே வைத்துவிட்டு வருவான்.

இந்த வருசம் மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்குத் தலையில் அடிபட்டது. விழுந்தபோது ஹெல்மெற்றோடு தலை நிலத்தில் மோதியிருக்கிறது. மயங்கவில்லை, எழும்பி நின்றிருக்கிறான். ஆனால் பக்கத்தில் நின்றவன் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லப் பிந்தியதைக் கோச் கண்டுவிட்டார். உடனே வெளியில் எடுத்து இருத்திவிட்டு எங்களுக்குப் போன் அடித்தார். அவன் "ஐ ஆம் ஓகே" என்று சொல்லியும் மறுபடி விடவில்லை. அதற்கு நாங்கள் அந்த மனிசனுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புதிதாய் வந்த பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் றோவன் சட்டம் என்று ஒன்று 2018இல் வந்தது. ஒட்டாவாவில் றோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை றக்பி விளையாடுகிறவ. சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் இறந்துபோனா. முதல் பட்ட அடிகளைச் சாதாரணமாய் எடுத்துக்கொண்டு மறுபடியும் விளையாடியதுதான் உயிருக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில்தான் இந்தச் சட்டம். தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே ஆட்டத்தில் இருந்து எடுக்கவேண்டும். டொக்டர் பார்த்து ஓம் சொல்லாமல் மறுபடி முழு விளையாட்டுக்கு விடக்கூடாது. முதலில் படிப்பு, பிறகு நடை, பிறகு மெல்லிய ஓட்டம் என்று படிப்படியாய்த்தான் திரும்ப வேண்டும். வருசத் தொடக்கத்தில் பிள்ளை ஒரு கடதாசி கொண்டுவந்து கையொப்பம் கேட்பதும் இதற்காகத்தான். நாங்கள் போன வருசம் அதை வாசிக்காமலே போட்டோம். "எங்க சைன் வைக்கிறது?" என்று மட்டும்தான் கேட்டோம். இந்த வருசம் மகளை அருகில் இருத்தி, மகன் ஒவ்வொரு வரியாய்த் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் போட்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிள்ளைக்குத் தெரியாத சொல் இருந்தால் ஆசிரியரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று. டொக்டரிடம் போக ஓஹிப் காட் போதும். ஆனால் அம்புலன்சில் போனால் 45 டொலர் பில் வரும். உடைந்த பல்லைக் கட்டுவதற்கும் ஓஹிப் காசு தராது. வருசத் தொடக்கத்தில் பள்ளியால் மாணவர் விபத்துக் காப்புறுதிக் கடதாசி ஒன்று வரும். கட்டாயமில்லை. ஆனால் விளையாடுகிற பிள்ளை என்றால் எடுத்து வைப்பது நல்லது. ஹெல்மெற்றும் தோள்காப்பும் பள்ளி தரும். சப்பாத்தும் பல்லுக்காப்பும் நாங்கள் வாங்கவேண்டும்.

மகன் இரண்டு ஆட்டம் விளையாடவில்லை. கோட்டுக்கு வெளியில் ஜக்கெற் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தான். அந்த இரண்டிலும் அணி தோற்றது. அவன் இல்லாததால்தான் தோற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அவனுடைய தங்கச்சி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

போன கிழமை டொக்டர், இனி விளையாடலாம் என்று எழுதித் தந்தார். அன்று இரவு வீட்டில் பெரிய கதை. தாய் ஒரேயடியாய், "காணும். இதுவரை விளையாடினது காணும்" என்றுவிட்டா. தகப்பன், டொக்டரே சொல்லிவிட்டார்தானே என்றார். "டொக்டருக்கு எத்தினை பிள்ளையள் வந்து போகுதுகள். எனக்கு இவன் ஒருத்தன்தான் மகன்" என்று தாய் சொன்னதுக்குத் தகப்பனிடம் மறுமொழி இல்லை. "நீங்கள் ஒரு நாளெண்டாலும் போய்ப் பாத்தனீங்களோ?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் மறுமொழி இல்லை. தாயும் போனதில்லை. இரண்டு வருசமாய் எங்கள் பிள்ளை விளையாடுகிறான், எங்களில் ஒருவரும் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. அதை அன்றைக்குத்தான் வாயால் சொன்னோம்.

மகன் ஒன்றும் சத்தம் போடவில்லை. கோப்பையில் சோறு காயக் காய இருந்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, நான் நிக்காட்டில் என்ர இடத்தில கிரேட் பதினொன்றுக்கு இப்பத்தான் வந்த ஒரு பெடியன் நிப்பான். அவன் சின்னவன். போன ரெண்டு மச்சிலயும் அவனுக்குத்தான் நல்லா அடி விழுந்தது. நான் பாத்துக்கொண்டு தண்ணி குடுத்தனான்."

தாய் கனநேரம் பேசவில்லை. எங்கள் ஊரிலும் இப்படி ஒருவருக்குப் பதில் ஒருவர் நின்ற கதைகள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். அதை மேசையில் யாரும் சொல்லவில்லை. கடைசியில் தாய் இரண்டு நிபந்தனை வைத்தா. தலை இடித்தாலோ, கண் மங்கினாலோ, ஓங்காளித்தாலோ அந்த நிமிசமே கைதூக்கிச் சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. "அடி பட்டது பிழையில்லை, மறைச்சாத்தான் பிழை" என்றா. இரண்டாவது, "அண்டைக்கு நாங்களும் வருவம்" என்றா. மகன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவது நிபந்தனையை அவன் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த நாள் தகப்பன் லைன் லீடரிடம் வியாழக்கிழமைக்குச் சம்பளமில்லாத லீவு கேட்கப் போனார். அவவும் அதே நாளுக்கு லீவு எழுதிக்கொண்டு நின்றா! தானும் மகனுடைய ஆட்டம் ஒன்றையும் இந்த வருசம் முழுக்கப் பார்க்கவில்லை என்றா. இரண்டு பேரும் ஒரே நாள் இல்லாவிட்டால் லைன் நிற்கும். மூன்று பேரைக் கேட்டு, ஓவர்ரைமுக்கு ஆள் பிடித்து, இரண்டு பேருக்கும் ஒழுங்கு செய்தவ அவதான். "உங்கட பெடியன் வழிவிடாட்டில் நல்லது, என்ர பெடியன் வெல்லுவான்" என்றா. "உங்கட பெடியன் ஓடேக்க எங்கட மகன் வெளியிலதான் நிப்பான், அவனால ஒண்டும் செய்யேலாது" என்று தகப்பன் சொன்னார். உண்மைதான். பந்து யாரிடமோ அந்த அணியின் லைன்தான் உள்ளே நிற்கும். இரண்டு பிள்ளைகளும் ஒருநாளும் நேருக்கு நேர் முட்டமாட்டார்கள். தாய்க்கு அதைக் கேட்டுப் பெரிய ஆறுதல்.

யார் வெல்வார்கள் என்று கேட்டால், காற்றடித்தால் பச்சை, அடிக்காவிட்டால் சிவப்பு என்று லைன் லீடர் சொல்கிறா. மகனைக் கேட்டால், "முதல் பத்து நிமிசம் தாக்குப் பிடிச்சா வெல்லுவம்" என்கிறான். மகள் முப்பதுக்குப் பூச்சியம் என்கிறாள். எங்களைக் கேட்டால், கடைசி விசில் வரைக்கும் அவன் தன் காலில் நிற்கவேண்டும். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

இப்போது ஏன் எழுதினோம் என்று சொல்கிறோம். மகனின் அணியில் மட்டும் இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிவப்பு அணியிலும் ஒருவன் இருக்கிறானாம். இவர்களுடைய தாய் தகப்பன் ஒருவரையும் மைதானத்தில் கண்டதில்லை என்று மகன் சொல்கிறான். எங்களையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவருகிற கிரிக்கெட் ஆட்டத்தை வடக்கின் பெருஞ்சமர் என்று சொல்லி, கொடி கட்டி, பறை மேளம் அடித்து, படிக்காத ஆட்களும் போய்ப் பார்க்கிற சனம் நாங்கள். இங்கே எங்கள் சொந்தப் பிள்ளை விளையாடுகிற இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு எங்களிடம் உள்ள காரணம் ஷிப்ட். அது பொய்யான காரணமில்லை. வாடகை கட்டவேண்டும், ஊருக்கு அனுப்பவேண்டும். எல்லா நாளும் போகச் சொல்லி நாங்கள் சொல்லமாட்டோம், எங்களாலும் ஏலாது. வருசத்தில் ஒரு நாள் என்றாலும் போகலாம் என்றுதான் சொல்கிறோம்.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒக்ரோபர் கடைசி, வெயில் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். தொப்பி, கையுறை, தடித்த காலுறை கொண்டு வாருங்கள். இரும்பு வாங்கு குளிரும், இருக்க ஒரு பழைய போர்வை நல்லது. பிளாஸ்க்கில் பிளேன்ரீ கொண்டு வாருங்கள். நாங்கள் ரோல்ஸ் கொண்டு வருகிறோம், லைன் லீடர் ஜமேய்க்கன் பற்றி கொண்டு வருவதாய்ச் சொல்லியிருக்கிறா. விதி விளங்காவிட்டால் எங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருங்கள், கேட்காமலே சொல்லுவாள். பந்தைப் பார்க்காமல் நடுவில் நிற்கிற ஐந்து பேரையும் ஒருக்கால் பாருங்கள்.

நேற்று இரவு தகப்பன் வேலையால் வரும்போது மகன் நித்திரை கொள்ளாமல் இருந்தான். "அப்பா, நீங்கள் எந்தப் பக்கம் நிப்பீங்கள்?" என்று கேட்டான். "ஏன், என்னைத் தேடவோ? முன்னுக்கு நிக்கிறவனைப் பார்" என்று தகப்பன் சொன்னார்.

"இல்லை, சும்மா. தெரிஞ்சிருந்தா நல்லம்" என்றான்.

பள்ளிக்கூடப் பக்கத்து வாங்கில், மேல் வரிசையில், இடது கரையில் நிற்போம் என்று சொல்லியிருக்கிறோம். நீங்களும் அங்கேயே வாருங்கள்.